தொடாமல் அனுப்பிய முதுகு

முறிவுக்கும் சுளுக்குக்கும் கைவைக்கிறவர் சத்தியநேசன் ஆசான். விழிஞ்ஞத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியோரத்தில் அவர் வீடு. வலை இழுத்துத் தோள் பிசகியவர்களும் பனையிலிருந்து விழுந்தவர்களும் அவரைத் தேடித்தான் வருவார்கள். தொடுவதற்கு முன்னே கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்வார். பிறகு கேள்வி கேட்கத் தொடங்குவார். எப்படிப் படுத்தால் சுகம், சாயங்காலம் உடம்பு காய்கிறதா, சோறு இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். ஆசான் கேட்டு முடிக்குமுன் நோவு தானே ஓடிப்போகும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அவர் கேட்பதற்குக் காரணம் இருந்தது. வெறும் பிடிப்பு என்றால் எந்தப் பக்கமாவது ஒருக்களித்தால் கொஞ்சம் தணியும். எப்படிப் படுத்தாலும் தணியாத நோவு உள்ளே வேறெதிலோ இருக்கிறது. அதைத் தடவிக் கலைக்கக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஆடிமாதக் கர்க்கடக மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், தங்கையன் என்ற பனையேறியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அண்ணன் ராஜையன் முன்னால் வந்தான். மனைவி சரசம்மா எண்ணெய்க் குப்பியோடு பின்னால் வந்தாள். அந்தக் கரையில் நோயாளி வீட்டார்தான் எண்ணெய் கொண்டுவர வேண்டும்.

ஆசான் கேட்டார். முதுகுநோவு கண்டு மாதம் கடந்துவிட்டது. சாயங்காலம் காய்ச்சல். ஆள் பாதியாகிவிட்டான். ஓலை ஈர்க்குக் குச்சியால் உள்ளங்காலில் கீறினார்; விரல் அசையவில்லை. உட்காருகிற இடம் மரத்துக் கிடக்கிறது என்றான் தங்கையன்.

"மூத்திரம் போகுதா?"

தங்கையன் மனைவியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நேத்தைக்கே நிண்ணுபோச்சு ஆசானே."

சரசம்மா குப்பியை நீட்டினாள். ஆசான் வாங்கவில்லை.

"இது எனக்க கைக்கு உள்ளதில்ல ராஜையா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இண்ணைக்கே போணும்."

ராஜையன் தலையாட்டினான். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சொல்லிவிட்டோம் என்று ஆசான் அடுத்த ஆளைப் பார்க்க உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மரணப்படுக்கையில் இருக்கும் சகோதரன் தங்கையனுக்காக ஜெபிப்போம் என்று சபை உபதேசியார் சொன்னார். அடுத்த பாட்டு முடியுமுன் ஆசான் எழுந்து ஓடினார்.

தங்கையன் வீட்டிலேயே கிடந்தான். சொந்தக்காரர்கள் முற்றம் நிறைய இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று ஆசான் கேட்டதும் ராஜையன் திகைத்துப்போனான். சரசம்மாதான் பதில் சொன்னாள்.

"நீங்க எண்ணெயத் தொடாத விட்டீங்களே ஆசானே. பிறகு எதுக்கு ஆஸ்பத்திரி?"

ஆசானுக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய ஆசான்மார் சாகப்போகிற ஆளின் முகத்துக்கு நேரே சாவைச் சொல்ல மாட்டார்கள். எண்ணெயைத் தொடாமல் திருப்பி அனுப்புவார்கள். வீட்டார் புரிந்துகொண்டு உபதேசியாரைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று வாயில் சொல்வதெல்லாம் மரியாதைக்குச் சொல்கிற பேச்சு. இது அவருக்கும் தெரிந்த வழக்கம்தான். தடவினால் கேடு என்ற ஒரே நினைப்பில், தம் கை சும்மா இருந்ததை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மாட்டுவண்டி பிடித்து அவரே கூடப் போனார். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போது உடம்பு அசையாதபடி தங்கையனின் தோளைப் பிடித்தபடியே இருந்தார். டாக்டர் முதுகெலும்பில் சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லிக் கீறி எடுத்தார். உயிர் தங்கியது. காலில் அசைவோ உணர்வோ திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அந்தப் பேச்சு சரசம்மாவின் காதில் விழாதபடி ஆசான் அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆளை அவர் தனியே அனுப்பியதில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கூடவே நடப்பார். ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறார், கமிஷன் உண்டு என்று சிலர் சொன்னார்கள். ராஜையன் அதைக் கேட்டு ஒருவனோடு சண்டைக்கே போனான்.

சனிக்கிழமைதோறும் தங்கையன் வீட்டுக்குப் போய் அவன் கால்களை ஆசான் தடவிக் கொடுப்பார். அதில் பயன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். புரட்டிப் போட்டும் முதுகில் புண் வந்துகொண்டேயிருந்தது. ஒருநாள் அவர் முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டிருக்கையில் தங்கையன் கண்ணை மூடியபடி கிடந்தான்.

"நல்ல சுகமா இருக்கு ஆசானே," என்றான்.

ஆசான் கையை எடுக்கவில்லை. அடுப்படியிலிருந்த சரசம்மா எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த மழைக்காலத்தில் தங்கையன் உயிரோடு இல்லை.