சிணுங்கல் கேட்காத காது

என் தங்கையின் மகளுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. காலையில் கண் திறந்ததும் தொடங்கிவிடுவாள். தண்ணீர் கொடுத்தால் அந்தக் கோப்பை வேண்டாம். மற்றக் கோப்பையில் கொடுத்தால் தண்ணீரே வேண்டாம். புட்டில் குழம்பு பட்டுவிட்டது, செருப்புக்குள் மண், சட்டை குத்துகிறது. ஒருநாள் முற்றத்தில் நின்றுகொண்டு, "அம்மா... கோழி என்னைப் பாக்குது..." என்று இழுத்தாள்.

"பாக்கட்டுமன் பிள்ளை. அதுக்கும் கண் கிடக்குத்தானே."

"வேண்டாம்... பாக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ..."

தங்கை அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து வந்து கோழியிடம் உண்மையாகவே சொன்னாள்: "அங்கால பார், சனியன்." அந்த நிலைக்கு வந்திருந்தாள்.

அழுகை என்றால் கண்ணீர் வரும், பிறகு ஓயும். இது அழுகை இல்லை. மூக்கால் வரும் ஒரு மெல்லிய இழுவை. அதற்கு ஓய்வே கிடையாது. இதையெல்லாம் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் அங்கே தங்கப் போனவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபிறகு நான் எந்த ஊரிலும் நிலையாக நின்றது கிடையாது. வவுனியாவில் ஒரு கட்டட வேலை முடிந்திருந்தது. முல்லைத்தீவில் கரைவலை இழுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டேன். தங்கையையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று சுற்றுவழியில் வந்து கண்டாவளையில் இறங்கினேன். இறங்கிய அன்றே பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குக் கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. கட்டாருக்குப் போன கணவருக்கு அங்கே வேலை சரியாக அமையவில்லை. இனி இவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடவேண்டும். பழகும் காலத்தில் அடிக்கடி லீவு எடுத்தால் வரவேண்டாமென்று சொல்லிவிடுவார்கள். அவள் வேலை தொடங்கிய உடனேயே லீவு எடுத்திருந்தாள். முன்பள்ளியில் பிள்ளையைத் தை மாதம்தான் சேர்ப்பார்களாம். அதுவரை பார்த்துக்கொள்வதாகச் சொன்ன முன்வீட்டு அக்கா, இரண்டாம் நாளே பிள்ளையைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

"பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனா அந்தச் சத்தத்தோட ஒரு வீட்டுக்கை இருக்கேலாது. என்ர தலை வெடிக்குது" என்றாராம்.

"ஒரு கிழமை நில்லண்ணை. அதுக்குள்ள ஆரையும் பிடிக்கிறன். இல்லாட்டி வேலையை விடத்தான் வேணும்" என்றாள் தங்கை. நின்றேன்.

இப்போது காதுக் கதை. கடைசிச் சண்டையின்போது பக்கத்தில் விழுந்த ஷெல்லோடு என் இடது காது போய்விட்டது. வலதுக்கும் தடித்த குரல்தான் பிடிபடும். நுளம்பு, போன் மணி, குருவி எதுவும் கேட்காது. அதனால் பெரிய நட்டமில்லை. நுளம்பு கடிக்கும்போது தெரிந்துவிடும். எனக்கு யாரும் அடிக்கடி போன் எடுப்பதுமில்லை.

முதல் நாள் வேலிக்குத் தென்னங்கிடுகு கட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் எனக்கு இடப்பக்கம் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. சாரத்தைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பினேன். வாய் அசைகிறது, முகம் கோணுகிறது, எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

"மாமாவுக்குக் கேக்கேல்லையடி. இந்தக் காது ஷெல்லிலை போட்டுது. மற்றப் பக்கம் வந்து பெரிசாச் சொல்லு."

அவள் என் இடது காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து, சந்தையில் மீன் கூவுகிறவள்போல, "தண்ணி வேணும்!" என்றாள். கையில் அகப்பட்ட கோப்பையில் வார்த்துக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். அலுவல் இவ்வளவு விரைவாக முடியுமென்று அவளே எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

அதன்பிறகு என்னிடம் எது வேண்டுமானாலும் வலப்பக்கம் வருவாள், கத்துவாள், வாங்குவாள், போவாள். இதில் என்னுடைய கெட்டித்தனம் எதுவுமில்லை. ஆனால் தங்கை, "அண்ணைக்குச் சரியான பொறுமை" என்று ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முன்வீட்டு அக்கா படலைக்கு வந்தார்.

"என்ன தம்பி, பிள்ளைக்கு என்ன மந்திரம் போட்டனீர்? பகலிலை அந்தச் சிணுங்கலைக் காணேல்ல."

"மந்திரமில்லை அக்கா. எனக்குக் காது கேக்காது."

அக்கா என் காதை எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானே? கேக்காமப் பண்ணுறது ஒரு வேலையே? நாளைக்குப் பிள்ளையை என்னட்டை விட்டுப் பாரும்."

மறுநாள் தங்கை வேலைக்குப் போனதும் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, எங்கள் கூரையில் ஒழுக்குப் பார்க்க ஏறினேன். அங்கிருந்து அக்காவின் முற்றம் நன்றாகத் தெரியும். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கதிரையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. பிள்ளை பக்கத்தில் மண்ணில் விளையாடினாள்.

அப்போது அவருடைய ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு பயற்றங்கொடிப் பந்தலுக்குள் தலையை விட்டது. "அக்கோய்! ஆடு!" என்று கத்தினேன். அவர் சுளகைத் தட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் கத்தினேன். பக்கத்து வளவு நாய்தான் குரைத்ததுபோலத் தெரிந்தது. ஏணியை வைத்த இடத்தைக் காலால் தடவத் தொடங்கினேன்.

பிள்ளை எழும்பினாள். தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற விதத்திலேயே, சிணுங்குகிறாள் என்று தெரிந்தது. அக்கா திரும்பவில்லை. அவள் வலப்பக்கம் போனாள். அங்கும் பலனில்லை. பிறகு நேரே முன்னால் போய், சுளகை இரண்டு கையாலும் கீழே இழுத்துவிட்டு, கூரையிலிருந்த எனக்கே கேட்கும்படி கத்தினாள்:

"ஆடு பயத்தங்காய் தின்னுது!"

அக்கா ஓடிய ஓட்டத்தில் கதிரை விழுந்தது. ஆட்டைப் பிடித்துக் கட்டி, பஞ்சைப் பிடுங்கி எறிந்தபோது நானும் இறங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டேன். பந்தலில் பாதி மிஞ்சியிருந்தது. பிள்ளை மிகுந்த அக்கறையோடு, அதே பெரிய குரலில் கேட்டாள்:

"பெரியம்மாவுக்கும் ஷெல்லோ? ரெண்டு காதுமோ?"

அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது.

"இல்லைக் குஞ்சு. எனக்கு ஷெல் காலிலை. காதிலை பஞ்சு."

"அப்ப கேக்குமோ?"

"பெரிசாச் சொன்னாக் கேக்கும்."

அன்று முழுக்க அவள் பெரிதாகத்தான் சொன்னாள். சிணுங்கல் அடியோடு நின்றுவிட்டதென்று சொல்ல மாட்டேன். பகலில் ஒரு தடவை இழுக்கத் தொடங்கினாளாம். அக்கா காதைத் தொட்டுக் காட்டியதும் குரலை மாற்றிக்கொண்டாளாம்.

மாலையில் தொழிற்சாலை பஸ் வந்து, தங்கை ஒழுங்கைக்குள் திரும்பியதும் பிள்ளைக்கு எங்கிருந்தோ எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. முகம் கோணியது. தாயின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவள் சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னவாம்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"கால் நோகுதாம். செருப்பு வடிவில்லையாம். கோழி திரும்பவும் பாத்ததாம்."

"பாருமன், இவ்வளவையும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தவள்!" என்றார் அக்கா. "என்னட்டை ஒண்டும் காட்டேல்லை."

தங்கை பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்கப் பயந்தவள்போலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாளைக்கும் பாப்பியளோ அக்கா?"

"நாளைக்கும் கொண்டு வாரும், நாளையிண்டைக்கும் கொண்டு வாரும். உம்மட கொண்ணை எனக்கு உந்தப் பந்தலைச் சுத்தி ஒரு வேலி கட்டித் தந்திட்டுப் போகட்டும்."

மறுநாள் விடியற்காலையில் அக்காவின் வளவில் வேலிக்குக் கிடங்கு தோண்டினேன். பஸ் வந்தது. பிள்ளை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, வாயை இழுத்துக்கொண்டே தெருவரை போனாள். தங்கை முத்தம் கொடுத்துவிட்டு ஏறினாள். பஸ் வளைவில் மறையும்வரை பிள்ளையின் வாய் இழுத்தது. மறைந்ததும் மூக்கைத் துடைத்தாள், ஒழுங்கையைக் கடந்தாள், அக்காவின் குசினி வாசலில் நின்று, "சாப்பாடு!" என்று கத்தினாள்.