ஜாம் மரத்தில் காய்க்குமா

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். புரியாமல் விழிக்கும் பிள்ளையிடம் வராது, புரிந்தும் விளையாட்டுக் காட்டுகிற பிள்ளையிடம்தான் வரும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது ஒரு கொய்யாப்பழத்தால்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பழங்களின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்க நானே தாள் தயாரிப்பேன். இடப்பக்கம் படம், வலப்பக்கம் சொல். கோடு போட்டுப் பொருத்த வேண்டும். குருட்டாம்போக்கில் கோடு இழுக்கிற பிள்ளைகளைப் பிடிப்பதற்காகப் பழமே இல்லாத இரண்டு சொற்களையும் நடுவில் செருகி வைப்பேன். ஒன்று பஸ். இன்னொன்று ஜாம், ரொட்டியில் தடவுகிறோமே, அது. இந்தத் தந்திரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தத் தாளை மூன்று தடவை கொடுத்தேன். ஒரு பெண் மட்டும் மூன்று தடவையும் கொய்யாப் படத்தை ஜாமோடு சேர்த்திருந்தாள். மாம்பழம், வாழைப்பழம், திராட்சை எல்லாம் சரி. கொய்யா மட்டும் ஜாம். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் என்று தெரியும். பள்ளியில் நன்றாகத் தமிழ் பேசுவாள், அதனால் நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. மூன்றாவது தடவை தாளைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன்.

"ஏம்மா, ஜாம் இன்னா மரத்துல காய்க்குதா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஆமா மிஸ். எங்க ஊட்டாண்ட காய்க்குது."

திமிர் என்றுதான் நினைத்தேன். வாய் ரொம்ப நீளுது, உட்காரு என்றேன். உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஆங்கில வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை, பொருத்தும் தாளையும் வெறுமையாகவே கொடுத்தாள். நானும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அம்மா வந்து நின்றார். ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தூக்கம் கலையாத கண். கையில் டி.சி. கேட்டு யாரையோ விட்டு எழுதி வாங்கிய தாள்.

"இங்கிலீசு வரலன்னு தெனம் அழுவறா டீச்சர். அவளுக்கு மண்டையில ஏறாது. தடாவுல எங்க அக்கா ஊட்டுக்கு அனுப்பிடறேன். அங்க கைக்கொழந்த இருக்குது, பாத்துக்குவா."

"அங்க எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?"

"பாக்கலாம் டீச்சர்."

இந்தப் 'பாக்கலாம்' எனக்கு அத்துப்படி. பாக்கலாம் என்று போன பிள்ளைகள் யாரும் எந்தப் பள்ளியிலும் சேர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எட்டு வயதில் இடுப்பில் ஒரு குழந்தை ஏறிவிட்டால் அப்புறம் இறங்காது. விடக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

"எனக்கு ஒரு வாரம் குடுங்கம்மா. அடுத்த வெள்ளிக்கிழம வாங்க. அப்பவும் வேணும்னா நானே ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிக்கினு போறேன்."

அரைமனதாகத்தான் தலையாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாவது ஒரு கை பார்ப்போம் என்று தாள்களை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். வரிசை வீடுகள். அவள் அம்மா வேலைக்குப் போயிருந்தார். கடைசியில் இருந்த அவர்கள் வீட்டை ஒட்டி ஒரு கொய்யா மரம், அதில் இரண்டு வாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்மணி உள்ளேயிருந்து கத்தினார்.

"ஒரேய், ஜாமகாயலு கோயொத்துரா!"

அப்படியே நின்றுவிட்டேன். காய் பறிக்காதே என்கிறார், அந்த அளவு தெலுங்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் புரியும். ஆனால் எந்தக் காய்?

என்னைப் பார்த்ததும் என் வகுப்புப் பெண் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கிட்டே போய் ஒரு காயைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுக்குப் பேரு இன்னா கண்ணு?"

திட்டு விழும் என்று பயந்திருக்க வேண்டும். மரத்தைப் பிடித்த கையை விடாமலே சொன்னாள்.

"ஜாம."

தலையில் அடித்துக்கொண்டேன். அவள் வாய் நீளவே இல்லை. எழுத்துக் கூட்டி ஜாம் என்று வாசித்திருக்கிறாள், அது அவள் வீட்டுப் பழமாக இருந்திருக்கிறது, கோடு போட்டிருக்கிறாள். படிக்கத் தெரிந்ததால் வந்த தப்பு அது. அதைத்தான் நான் ஊர் சிரிக்க வைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். படத்துக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் நடுவில் இன்னொரு வரிசை. உங்க ஊட்டுல இதுக்கு இன்னா பேரு என்று நான் கேட்க, அவரவர் எழுத வேண்டும். கொய்யாவுக்குப் பத்துப் பேர் கொய்யா என்றார்கள். பீகாரிலிருந்து வந்த பையன் அம்ரூத் என்றான். இவள் ஜாம என்றாள், யாரும் சிரிக்கவில்லை.

ஜாம் என்ற சொல்லை எடுத்துவிடுங்களேன், பாவம் குழந்தை குழம்பும் என்று தலைமையாசிரியர் சொன்னார். மாட்டேன் என்றேன். இரண்டும் கண்ணெதிரே இருக்கணும், அவளே பார்த்துப் பிரிக்கணும். வாரம் முழுக்க விடாமல் பொருத்த வைத்தேன். அட்டையில், தரையில், கரும்பலகையில். புதன்கிழமை மறுபடியும் தப்பு. வியாழக்கிழமை பாதியில் அழித்துவிட்டுத் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி அம்மா வந்தார். எதிரே உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் தாளைக் கொடுத்தேன். விரல் ஜாம் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு விரல் கீழே இறங்கியது. கோடு கொய்யாவிலிருந்து நேராக 'க்வாவா'வுக்குப் போனது. ஜாமுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பாட்டில் வரைந்து வைத்தாள். அப்புறம் அவளே தெலுங்கில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் முதலில் தப்பானது என்பதையும் சொன்னாள்.

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் மூணாங்கிளாசு வரைக்கும் போனேன் டீச்சர். படத்தக் காட்டிப் பேர் கேப்பாங்க. ஊட்டுல சொல்றத சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. நமக்கு மண்டையில ஏறாதுன்னு நானே நின்னுட்டேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நான் மக்கு இல்லியா டீச்சர்?"

"இல்லம்மா" என்றேன்.

டி.சி. விண்ணப்பத்தைக் கேட்டு அவர் முன்னால் கையை நீட்டினேன். தரவில்லை. அவரே இரண்டாகக் கிழித்தார்.