எடுத்த உப்பு எங்கே போகும்?

கடைத் தொலைபேசி அடித்தபோது மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். எடுத்ததும் பழக்க தோஷத்தில், "சொல்லுங்க, மெஷின் என்ன செய்யுது?" என்று கேட்டேன். பேசியவர் ஒரு பேருந்து நடத்துநர். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. "ஒங்க கடை ஸ்டிக்கர் ஒட்டுன பெட்டி ஒண்ணு இவிய மடியில இருக்கு. கயத்தாறுக்கு டிக்கெட் எடுத்தாவ. தட்டித் தட்டி எழுப்புதோம், எந்திரிக்கல" என்றார். அதற்கும் நான், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல, கொஞ்சம் இருங்கள், அண்ணாச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பது யார் என்று உறைத்தது.

குருசாமி அண்ணாச்சியை உங்களில் பலருக்கும் தெரியும். உங்கள் சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. மெஷினை மாட்டியவர் அவராகத்தான் இருக்கும். நீங்கள் அவரைத் திட்டியும் இருப்பீர்கள். நேரில் அல்ல, அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட யாருக்கும் மனசு வராது. போனில் என்னைத் திட்டுவீர்கள். அவர் கடையில் போன் எடுப்பதும் பில் போடுவதும் என் வேலை. உங்கள் வசவுகளைச் சூடு ஆறவைத்து அவரிடம் சொல்வேன். "அவிய மேல தப்பில்ல ராசேஸ்வரி. தாகத்துல இருக்கவன் நயமாவா பேசுவான்?" என்பார். எனக்கு அந்தப் பொறுமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வியாபாரிகள் சங்கத்து மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். என்னிடம் இருப்பதைத்தான் நான் எழுத முடியும்.

புது மெஷின் மாட்டினால் முதலில் நிறையும் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, திறந்து கொட்டிவிட வேண்டும். நம்மூரில் அதை எந்த வீட்டிலும் செய்ய முடியாது. பசுவந்தனை ரோட்டில் ஒரு டீச்சர் வீட்டில் அண்ணாச்சி குழாயைத் திறக்கப் போனபோது, அந்த அம்மா குடத்தோடு குறுக்கே வந்து நின்றுகொண்டார். குழாயில் எப்போதோ ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில், கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரைக் கண்ணெதிரே சாக்கடையில் விடுவதா என்று சண்டை. கடைசியில் அந்தத் தொட்டித் தண்ணீரில் வீட்டைத் துடைத்து, பாத்திரம் கழுவி, மிச்சக் குடத்தை அண்ணாச்சியே சுமந்துபோய்த் துளசிக்கு ஊற்றிவிட்டு வந்தார். அதைக் கடையில் வந்து நடித்துக் காட்டிச் சிரித்தார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பார்.

எந்த வீட்டில் மாட்டினாலும், உப்புத் தண்ணீர் வெளியேறும் மெல்லிய குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிரசங்கம் வைப்பார். "மெஷின் தண்ணிய உண்டாக்காது தாயி, பிரிக்கத்தான் செய்யும். நல்லது ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். எடுத்த உப்பு எங்கயும் போயிராது." அந்தத் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் கக்கூஸுக்கு ஊற்றச் சொல்வார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நீங்கள் குழாயைச் சாக்கடைக்குள் சொருகிவிடுவீர்கள். அடுத்த சர்வீசுக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவார்.

அவருக்கு ஒரே மகள், லட்சுமி. கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் வரன் அமைந்தது. உளுந்தும் பருத்தியும் போடுகிற குடும்பம், மாப்பிள்ளை தங்கமான பையன். லட்சுமி மாட்டேன் என்றாள். அந்த ஊரில் சோற்றுக்கு உப்புப் போட வேண்டாம், உலைத் தண்ணீரிலேயே இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சர்க்கார் வேலையில் தப்புச் செய்தவர்களைத்தான் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள், நான் என்ன தப்புச் செய்தேன் என்று கடைக்கே வந்து கேட்டாள். அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஒங்கப்பன் யாருட்டி? தண்ணிக்காரன்லா. தண்ணிக்கு நான் பொறுப்பு. நான் இருக்க வரைக்கும் நீ உப்புத் தண்ணி குடிக்கமாட்ட" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். பீரோ, கட்டிலோடு கடையிலேயே பெரிய மெஷின் சீராகப் போனது. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவள் நான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்த வீட்டு போர்க்கிணறு வற்றியது. மாப்பிள்ளை இன்னும் ஆழமாக இறக்கினார். ஆழத்தில் கிடைத்த தண்ணீர் முன்னைவிட உப்பு. மெஷினுக்குள் உப்பைத் தடுத்து நிறுத்துவது மெம்பரேன் என்கிற ஒரு சுருள். உங்கள் வீடுகளில் அது வருஷக்கணக்கில் உழைக்கும். லட்சுமி வீட்டில் மாதக்கணக்கில்கூட நிற்கவில்லை. அண்ணாச்சி துணிப்பையில் புதுச் சுருளின் பெட்டியை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். இப்பல்லாம் கம்பெனிக்காரன் சரக்கே சரியில்லை என்று மகளிடம் சொல்வார். என்னிடமும் அதையேதான் சொன்னார், நானும் நம்பினேன்.

லட்சுமிக்குப் பிள்ளை பிறந்த பிறகு, பார்த்துவிட்டு வரலாம் வா என்று ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். கொல்லையில் முருங்கை மரம் பட்டுப்போய் நின்றது. மெஷினிலிருந்து வரும் உப்புத் தண்ணீர்க் குழாயை அதன் மூட்டில்தான் விட்டிருந்தார்கள். சுற்றிலும் கரிசல் மண் வெடித்து, வெடிப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அண்ணாச்சி மெம்பரேனை மாற்றி, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, உப்பின் அளவைக் காட்டும் பேனா மாதிரியான மீட்டரை அதில் விட்டார். இடுப்பில் பிள்ளையோடு எதிரே நின்ற லட்சுமி, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டாள். அவர் மீட்டரின் முகத்தைத் தன் நெஞ்சுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "நல்லாருக்கு தாயி. மெம்பரேன்தான் போயிருந்துச்சு" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். எண் எனக்குத் தெரிந்தது. புதுச் சுருள் போட்டும் அந்த எண் என்றால், உங்களில் யாராக இருந்தாலும் மெஷினைக் கழற்றி என் மேஜையில் வீசியிருப்பீர்கள்.

திரும்பும்போது கயத்தாறு பஸ் நிறுத்தத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவராகவே சொன்னார். அந்த ஊர்த் தண்ணீர் வீட்டு மெஷினின் சக்திக்கு மீறிப்போய் ரொம்ப நாள் ஆகிறதாம். கொஞ்சமாவது குடிக்கிற மாதிரி வர வேண்டும் என்பதற்காக, உப்புத் தண்ணீர் போகிற வழியை இன்னும் பெரிதாக்கி வைத்திருக்கிறாராம். ஒரு குடம் குடிதண்ணீருக்குக் குடம் குடமாகக் கொல்லைக்குப் போகிறது. அதனால் போர் சீக்கிரம் வற்றுகிறது, மாப்பிள்ளை இன்னும் ஆழம் போகிறார், இன்னும் உப்பு ஏறுகிறது, இவர் வழியை இன்னும் பெரிதாக்குகிறார். "நான் குடுத்த வாக்க நானே குழி தோண்டிப் பொதைக்கேன் ராசேஸ்வரி. அவ குடிக்கணும்னு அவ மண்ணக் கெடுக்கேன்" என்றார்.

லட்சுமியிடம் சொல்லிவிடுங்கள், டவுனுக்குக் குடிவரச் சொல்லுங்கள் என்றேன். காடு கரையை விட்டுவிட்டு அந்தப் பையன் இங்கே வந்து என்ன செய்வான் என்றார். கேன் தண்ணீர் வண்டியும் அந்த ஊருக்கு நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. "அவ அன்னைக்கே கேட்டா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு. இப்ப போய் நான் என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார். டீயில் ஆடை படிந்து ஆறிப்போனது. இருவரும் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அவர் பழைய மனிதர் இல்லை. ஒரு நாள் மகள் கல்யாணத்துக்குச் சீராக மெஷின் வாங்க ஒருவர் வந்தார். எந்த ஊருக்குக் கட்டிக்கொடுக்கிறீர்கள் என்று அண்ணாச்சி கேட்டார். வந்தவர் லட்சுமி ஊர்ப் பக்கத்தில் ஒரு பெயரைச் சொன்னதும் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வந்தவர் பெட்டிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. இப்படி விரட்டினால் கடையை எதற்குத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். "ஊரு பேரக் கேட்டேல்லா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் வேறொரு கடையிலிருந்து அந்த வீட்டுக்கு மெஷின் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம்.

பஸ்ஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அவரைக் கடைசியாகக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கக் குடங்களோடு ஆட்கள் கிளம்பினார்கள். எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கிணறு குப்பை போட்டு மூடியாகிவிட்டது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் முறை இல்லை. ஒருவர் கேன் வாங்கலாம் என்றார். விலைக்கு வாங்கிய கேனிலா நீர்மாலை எடுப்பது என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கடைசியில் தெருமுனை போர்த் தொட்டியில்தான் பிடித்து வந்தார்கள். அந்த உப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகவே இல்லை. சீயக்காய் முடியோடு ஒட்டிக்கொண்டது. ஊர் பூராவும் தண்ணீரைச் சுத்தம் செய்துகொடுத்த மனிதர், தலை பிசுபிசுக்கக் கிடந்தார். லட்சுமி அழாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. எல்லா வீட்டுக் குழாய்களையும் பிடுங்கி எறிய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குப் புறப்படும்போது லட்சுமி கடைக்கு வந்தாள். அப்பா கடைசியாக எடுத்து வந்த பெட்டி எங்கே என்று கேட்டாள். வீட்டுத் தண்ணீர் மறுபடியும் கரிக்கிறது என்றாள். நடத்துநர் ஒப்படைத்த துணிப்பை என் மேஜையடியில் அப்படியே இருந்தது. நானே வந்து மாட்டித்தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வழியெல்லாம், இன்றைக்கு அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை, மாட்டிவிட்டேன். டம்ளரில் தண்ணீர் பிடித்து அவருடைய மீட்டரை விட்டேன். லட்சுமி எதிரே நின்றாள். எண் ஏறி நின்றதைப் பார்த்ததும் என் கை தானாகத் திரும்பிக்கொண்டது.

"நல்லாருக்கு லட்சுமி. மெம்பரேன்தான் போயிருந்துச்சு" என்றேன்.

"அப்பாவும் இப்பிடித்தான் யக்கா, நெஞ்சுப் பக்கமாத் திருப்பிக்கிடுவாவ" என்றாள். "நான் ஒரு நாளும் எட்டிப் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு, என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

மலரில் போட அவருடைய போட்டோ கேட்டிருந்தார்கள். என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அந்த மீட்டரும், அதைத் திருப்பிப் பிடிக்கப் பழகிவிட்ட இந்தக் கையும்தான். அடுத்த மெம்பரேனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பெட்டி வந்ததும் கயத்தாறு பஸ் ஏற வேண்டும்.