பன்னிரண்டு ஜிபிக்கு வருகிற சிரிப்பு

லென்ஸின் விளிம்பைச் சீவும் இயந்திரம் ஒரு சுற்று முடிக்க நாற்பது விநாடி ஆகும். அதற்குள் என் எதிர்வீட்டுக்காரர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, கைப்பேசியை எடுத்து, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனோ எழுதிய வதந்தியைப் படித்து, "ம்ஹூம், இருக்காது" என்று தீர்ப்புச் சொல்லி, கையுறையைத் திரும்ப மாட்டியிருப்பார். நாளொன்றுக்கு முப்பது மூக்குக்கண்ணாடி. ஆக, அறுபது லென்ஸ், அறுபது வதந்தி.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினாறு வருடமாக இந்த வேலை. முன்னால் கல்லாவில் இருக்கும் பெண் அவருக்கு வைத்த பெயர் 'அடுத்த மாடல்'. "அடுத்த மாடல் அண்ணே, அந்தப் பெரியவரோட கண்ணாடி ரெடியா? இல்ல, அதுவும் அடுத்த வருஷம்தானா?" என்று திரைக்கு வெளியிலிருந்து குரல் வரும். அவர் கோபித்துக்கொள்வதில்லை. பட்டப்பெயரில் உண்மை இருந்தால் கோபிக்க முடியாது.

மடிக்கணினிக்குள் படம் வரைந்து காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதில் உயர்ந்த ரகம், மட்ட ரகம், நடுத்தர ரகம் என மூன்று உண்டு. அவருடைய அக்கறையெல்லாம் நடுத்தரத்தின் மேல்தான். அதிலும், இன்னும் வராத நடுத்தரத்தின் மேல்.

"உசந்தது பணக்காரனுக்கு சார். மட்டமானது அவசரக்காரனுக்கு. நடுவுல இருக்கிறதுதான் மனுஷனுக்கு. ஆனா இப்ப இருக்கிறதில்ல, வரப்போறது."

நடுவழியைப் புகழ்ந்த ஞானிகளைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். அவர்களில் யாரும் அதன் அடுத்த பதிப்புக்காக ஐந்து வருடம் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

அவர் எடுத்துவைக்கும் சான்றுகள் தனி ரகம். கிடங்கு ஒன்றில் யாரோ எடுத்த அட்டைப்பெட்டியின் மங்கலான படம். கப்பலில் ஏற்றிய சரக்குப் பட்டியலில் பாதி அழிந்த ஒரு வரி. ஒருமுறை கம்பெனி அதிகாரி ஒருவரின் பேட்டியை என்னை உட்காரவைத்து நான்கு தடவை போட்டுக் காட்டினார். அடுத்த கார்டில் நினைவகம் எவ்வளவு என்று கேட்டதும் அந்த அதிகாரி லேசாகச் சிரிக்கிறார், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா சார்? எட்டு ஜிபிக்கு எவனாவது இப்படிச் சிரிப்பானா? இது பன்னிரண்டு ஜிபிக்கு வர்ற சிரிப்பு."

எனக்கு அது பல்வலியை மறைக்கிற சிரிப்பாகத்தான் பட்டது. சொல்லவில்லை.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமானால், தொழிலில் அவர் ஒரு நாளும் யாரையும் காக்கவைத்ததில்லை. புது லென்ஸ் அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது இழுத்தால், பின்னறையிலிருந்தே எழுந்து வந்துவிடுவார். "கண்ணு மங்கினா தள்ளிப்போடக் கூடாதுங்க. இன்னிக்கு என்ன பவரோ அதை இன்னிக்கே போடணும். நாளைக்கு மாறினா நாளைக்குப் பாத்துக்கலாம்." இந்த ஞானம் கடை வாசற்படியோடு நின்றுவிடும். எதிர்வீட்டுக்காரன் என்பதால் படிக்கு இந்தப் பக்கம் நடப்பதையும் நான் அறிவேன்.

வீட்டில் மனைவி சமையலறை அலமாரிகளைக் கணினியில் வரைந்து கொடுக்கிறார். கதவு எப்படித் திறக்கும், இழுப்பறை எவ்வளவு நீளும் என்று திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டிய வேலை. அதற்கான மடிக்கணினிக்கு வயது எட்டு. சூடு தணிய நான்கு புட்டி மூடிகளின் மேல் நிற்கிறது; பக்கத்தில் மேசை விசிறி அதற்கு மட்டும் வீசுகிறது. படத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்துபோய் வெங்காயம் நறுக்குவார். நறுக்கி முடிப்பதற்குள் படம் திரும்பினால் அன்று நல்ல நாள்.

இந்த நிலையில் புது அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இருபத்துநான்கு வீடுகளுக்கும் சமையலறை வரையும் வேலை வந்தது. இருபதாம் தேதிக்குள் கொடுத்தால் அந்த அம்மாளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. பத்தாம் தேதி வரை முடிந்திருந்தது ஆறு.

"ஏங்க, இந்த வாரம் புதுசு வாங்கிடலாமா?"

"வாங்கலாம். ஆனா இப்ப வாங்கினவன் முட்டாள்."

"அஞ்சு வருஷமா இதையே சொல்றீங்க."

"அஞ்சு வருஷமா முட்டாளாகாம இருக்கோம்ல?"

பன்னிரண்டாம் தேதி மாலை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். நான் அங்கே சீனி கடன் வாங்கப் போயிருந்தேன்.

"உறுதியாயிடுச்சு! நடுத்தர கார்டு, பன்னிரண்டு ஜிபி, இந்த மாசக் கடைசியில அறிவிப்பு. ஒருத்தன் எழுதியிருக்கான், இன்னொருத்தன் வீடியோவே போட்டிருக்கான். பதினஞ்சு நாள் பொறுத்துக்க, போதும்."

"இருபதாம் தேதி கேக்குறாங்க. பதினஞ்சு நாளாம்ல! அதை எழுதினவங்களுக்கு யாரு சொன்னாங்களாம்?"

"தொழிலுக்கு நெருக்கமான ஒருத்தர்னு போட்டிருக்கு."

"எந்த ஒருத்தர்?"

நியாயமான கேள்வி. அறிவு எங்கிருந்து வருகிறது என்று ஆயிரம் பக்கம் எழுதியவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. அவர் வீடியோவின் அடியில் இருந்த இணைப்பைத் தொட்டார். அது ஒரு செய்திப் பக்கத்துக்குப் போயிற்று. அதன் அடியிலிருந்த இணைப்பைத் தொட்டார். ஓர் அரட்டைத் தளம் திறந்தது. அங்கே 'நடுவழி' என்ற பெயரில் ஒருவர், தமக்குத் தெரிந்தவரை பன்னிரண்டு ஜிபிதான், மாதக் கடைசியில் அறிவிப்பு என்று எழுதியிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புச் சட்டம் போட்ட ஒரு மூக்குக்கண்ணாடியின் படம்.

அந்த அம்மாள் கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்கருகில் கொண்டுபோனார்.

"இது உங்க கடைக் கண்ணாடி இல்ல?"

அவர் கைப்பேசியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"இதை எழுதினது நீங்கதானே?"

"போன வாரம் சும்மா எழுதினேன்," என்றார் அவர். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "ஆனா பாரு, நான் சொன்னதை ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க!"

அதே கணத்தில் பழைய மடிக்கணினி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு அணைந்தது. ஒன்பதாவது சமையலறை உள்ளே இருந்தது. அந்த அம்மாள் கத்தவில்லை. வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தார்.

"கண்ணு மங்கினா தள்ளிப்போடலாமாங்க?"

அவர் வாயைத் திறந்தார். பதினாறு வருடம் சொல்லிப் பழகிய பதில் தானாக வந்துவிட்டது. "கூடாது. இன்னிக்கே..." என்றவர், மிச்சத்தை விழுங்கினார்.

"செருப்பு கால்லதான இருக்கு. வாங்க."

கணினிக் கடையில் விற்பனையாளரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "இதுக்கு அடுத்தது எப்ப வரும்?" விற்பனையாளர், "சார், இதுவே போன வாரம்தான் வந்துச்சு" என்பதற்குள், "அவருக்குப் பதில் சொல்லாதீங்க தம்பி, பெட்டியைக் கட்டுங்க" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். இதைச் சொன்னது அவரேதான், தம்முடைய தோல்வியாக அல்ல, கடைக்காரரின் அறியாமையாக.

பத்தொன்பதாம் தேதி இருபத்துநான்கு சமையலறைகளும் முடிந்தன. மாதக் கடைசியில் அறிவிப்பும் வந்தது. எட்டு ஜிபி. "பன்னிரண்டுதான் போட்டிருந்தாங்க சார், கடைசி நிமிஷத்துல மாத்திட்டாங்க" என்று என்னிடம் விளக்கினார். மாற்றியவர்கள் மேல் அவருக்கு வருத்தம் இருந்ததே தவிரக் கோபம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சீனியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த அம்மாள் கட்டடத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தார். மேசைமேல் புதிய மடிக்கணினி திறந்திருந்தது. விசிறி இப்போது மனிதர்கள் பக்கம் திரும்பியிருந்தது. சும்மா இருக்க மாட்டாமல், "அப்போ அடுத்தது எப்போ?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் கண்கள் ஒளிர்ந்தன. நாற்காலியை என் பக்கம் இழுத்தார், வாயைத் திறந்தார், நிறுத்தினார். பிறகு எழுந்து போய், தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல, அந்த மடிக்கணினியின் மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்தார்.

"இப்ப கேளுங்க சார்," என்றார், குரலைத் தாழ்த்தி.