ஊசி வரைந்த இடைவெளிகள்

ஈ.சி.ஜி. எடுப்பது வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பட்டன் அமுக்குகிற வேலை. அந்த அறையில் உட்கார்ந்த என் சக பாவிகளுக்குத்தான் தெரியும், எத்தனை பேருடைய பயத்தைச் சுருட்டி உறையில் போட்டோம் என்று. எழுபதுகளின் கடைசியிலிருந்து ஆறேழு வருஷம் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு அதுதான் பிழைப்பு.

கோணல் தாள்

சேர்ந்த முதல் வாரம், தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஓர் அக்காவுக்குத் தாள் ஓட்டினேன். சூட்டு ஊசி மெழுகுத் தாளில் கோடு கிழித்துக்கொண்டே போனது. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி ஒன்றுபோல் இல்லை. நெருங்குகிறது, விலகுகிறது, மறுபடி நெருங்குகிறது. மெஷினைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன்.

டொக்டர் சிங்களவர். நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் படித்தவர். மூச்சை இழுத்தால் துடிப்பு நெருங்கும், விட்டால் விலகும், மனசு நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு அந்த ஆட்டம் நன்றாகவே தெரியும் என்றார். பயந்தால் ஆட்டம் அடங்கிவிடுமாம். எதையாவது உன்னிப்பாகக் கவனித்தாலும் அடங்குமாம். இதை மட்டும் வைத்து நோய் சொல்லக்கூடாது என்றும் எச்சரித்தார். நான் கதவருகே போனதும் கூப்பிட்டுச் சொன்னார்: “சேவியர், கோணலா வந்தா பயப்பட வேணாம். அடிக்கோல் வச்ச மாதிரி சமமா வந்தா என்கிட்ட காட்டுங்க.”

வாசலில் நின்றவர்

பார்வதிக்கு முப்பது வயசிருக்கும். மலையில் கொழுந்து எடுக்கும்போது மயங்கி விழுந்தாள் என்று புருஷன் கூட்டி வந்திருந்தான். அவன் நனைந்த குடையோடு வாசலில் நின்றான். தாளை நீளமாக ஓட்டச் சொல்லியிருந்தார் டொக்டர். ஓட்டினேன். அத்தனையும் ஒரே அளவு இடைவெளி. மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னேன். இழுத்தாள், விட்டாள், இடைவெளி அசையவில்லை. உயிருள்ள மனுஷியின் தாள் மாதிரியே இல்லை அது.

பக்கத்தில் நின்ற நர்ஸ், மெர்சி மிஸ்ஸி, என்ன நினைத்தாரோ, துண்டுச் சீட்டு வாங்கி வரச் சொல்லி அவனைக் கவுண்டருக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் இடைவெளிகள் இளகின. நெருங்கின, விலகின. நான் பெருமூச்சு விட்டேன். திடீரென்று மறுபடியும் சமம். வெளியே நடைபாதையில் ஒரு சத்தமும் இல்லை. நானும் மிஸ்ஸியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம்தான் வளைவில் செருப்புச் சத்தம் கேட்டது. குடையும் சீட்டுமாக அவன் வந்து நின்றான்.

மிஸ்ஸி நேரே போய் டொக்டரிடம் பேசினார். பார்வதியை வார்டில் வைத்துக்கொண்டார்கள். முதுகில் இருந்த காயங்கள் அங்கேதான் வெளியே வந்தன. நாலாம் நாள் வலப்பனையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து கூட்டிப் போனார். புருஷனிடம் அவள் திரும்பிப் போகவில்லை. புறப்படுவதற்கு முன் என் அறைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “அந்த ஆளு தூரத்துல வர்றப்பவே எனக்குத் தெரிஞ்சிரும் ஐயா. ஒங்க பொட்டிக்கும் தெரிஞ்சிருச்சா?”

மஸ்கெலியாக்காரர்

வீராசாமி பழைய மஸ்கெலியாவில் கோயில் மணி அடித்தவர். அணை கட்டியபோது அந்த ஊரும் கோயிலும் தண்ணீருக்கடியில் போய்விட்டன. அவருடைய தாள் முதலில் நன்றாகத்தான் ஆடியது. பாதியில் சட்டென்று சமமானது. முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, வேர்வை இல்லை. தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தார். வெளியே மழைகூட இல்லை.

“என்ன செய்யுது?” என்று கேட்டேன். கேட்ட கணமே இடைவெளிகள் பழையபடி இளகிவிட்டன. அவர் எனக்காகப் பரிதாபப்படுகிறவர் மாதிரி பார்த்தார்: “ஒன்னும் செய்யலைங்க ஐயா. மணிச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கிட்டு இருந்தேன், நீங்க பேசவும் நின்னு போச்சு.”

ஆறு தாள்

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், டவுனில் நம் தமிழ் ஆட்களுடைய கடைகள் எரிந்த வாரம் அது. மிஸ்ஸி வேலைக்கு வரவில்லை. தோட்டத்து லய வீடுகளிலிருந்து ஓடி வந்தவர்களில் ஆறு பேர் நெஞ்சு வலி என்றார்கள். ஆறு பேருக்கும் ஓட்டினேன். வேறு வேறு தோட்டம், வேறு வேறு வயசு. தாள்களை மேசையில் வரிசையாக வைத்தேன். ஆறும் அடிக்கோல் வைத்ததுபோல் சமம்.

டொக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைத் தாழிட்டு, சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுத்தார். “எனக்கும் எடுங்க” என்றார். கை ஐஸாக இருந்தது. ஊசி ஓடியது, ஏழாவது தாளும் அதேதான். அவர் குவார்ட்டர்ஸின் பின்னறையில் மிஸ்ஸியின் குடும்பம் ஒளிந்திருந்ததும், அன்று காலையில் ஒரு கூட்டம் கேட்டுக்கு வந்து விசாரித்ததும் எனக்கு அப்போது தெரியாது. பத்து நாள் கழித்து மிஸ்ஸி வேலைக்கு வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அன்று டொக்டர் எழுந்து பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: “சேவியர், என் பேரையும் மறக்காம எழுதுங்க. இல்லாட்டி எது யாருடையதுன்னு எனக்கே தெரியாது.”

இப்போது எனக்கும் ஓர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். அந்த ஊசி எவ்வளவு கோள் சொல்லும் என்று தெரிந்த மனுஷன், சளி, தடிமன் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன்.