இத்தாவில் வந்த நாக்குப் புண்

கணவர் மௌத்தாகி, கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற இத்தாவில் நான் இருந்தபோது நாக்கின் வலப்பக்கத்தில் ஒரு புண் வந்தது. சோறு பட்டால் எரிந்தது. கதைத்தால் உயிர் போனது. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

பார்க்க வந்த பெண்களெல்லாம் என் சபூரை, பொறுமையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து வாய் ஓயாதவள் திடீரென்று ஊமையானால் ஒருத்திக்காவது சந்தேகம் வர வேண்டாமா? கட்டாரிலிருந்து அழைக்கும் மகளும் கவலையில் உம்மா கதைக்கவில்லை என்று விட்டுவிட்டாள்.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். தேன் தடவினேன். மிளகாய்த்தூளை விட்டேன். வெற்றிலையை மட்டும் விட முடியவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவரும் நானும் எதிரெதிரே கதிரை போட்டு இருந்து மென்ற வெற்றிலை அது. சுண்ணாம்பு புண்ணில் பட்டுக் கண் கலங்கும், அப்படியும் மென்றேன். புண் ஆறவேயில்லை. புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பயத்தில் தூக்கம் போனது. இத்தாவில் ஆண் டொக்டரிடம் போகக்கூடாதென்று நினைத்து யாரிடமும் சொல்லவும் இல்லை.

பக்கத்து வீட்டு ராத்தா ஒரு பகல் மீன் ஆணம் கொண்டுவந்தா. ஒரு வாய் வைத்ததும் நான் முனகியதைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொன்னா.

"மருந்தெடுக்கப் போறத்துக்கு இத்தா தடையில்ல புள்ள. ஆரு உனக்கு இப்பிடிச் சொன்ன?"

ஒருவரும் சொல்லவில்லை. நானாகப் பிடித்துக்கொண்டதுதான்.

அன்றே ராத்தா என்னை ஓட்டோவில் கல்முனைக்குக் கூட்டிப்போனா. பல் டொக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லொன்று உடைந்து, அதன் கூர் நாக்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சுண்ணாம்பு அதை ஆறவிடவில்லை. பல்லை ராவி மழுங்கச் செய்தார். வெற்றிலையைக் கட்டாயம் விடச் சொன்னார். புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் மட்டும் சதையில் துளி எடுத்துச் சோதிப்போம் என்றார்.

ஆறிவிட்டது. இரண்டு கிழமை கழித்து ராத்தாவோடு திரும்பப் போனபோது டொக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ராத்தா என்னைப் படலையில் இறக்கிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனா. செருப்பைக் கழற்றும்போதே எனக்கு வாய் நிறையக் கதை.

"இஞ்ச பாருங்க, புத்துநோய் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

அவருடைய கதிரை சுவர்ப்பக்கம் திரும்பி வெறுமனே கிடந்தது. அன்றுதான், அவர் போனதற்காக, நான் வாய்விட்டு அழுதேன். நாக்கு கொஞ்சமும் நோகவில்லை.