அரக்கன் நாட்டில் உளுந்து

தொலைக்காட்சியில் வாராவாரம் வந்த மாயக்கதைத் தொடர் ஒன்றில், அரக்கன் ஆண்ட நாடாக வந்தது எங்கள் புஞ்சை. சங்கரன்கோவிலில் இருந்து திருவேங்கடம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வண்டிப்பாதையில் கொஞ்சம் நடந்தால் அந்த நாடு வந்துவிடும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். சென்னையில் என் வேலையே அதுதான். இயக்குநர் ஒருநாள் பாழடைந்த கோட்டை வேண்டும் என்பார், மறுநாள் பாம்பு குடியிருக்கிற மாதிரி ஒரு குளம் என்பார். நான் ஊர் ஊராக அலைந்து படம் எடுத்துவந்து காட்ட வேண்டும். அந்தத் தொடருக்கு அவர் கேட்டது, சாபம் விழுந்து புல் பூண்டு முளைக்காத மண். வடக்கே பாலைவனம் வரை போய் எடுத்துவந்த படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மணல் அழகாக இருக்கிறதாம், அழகு வேண்டாமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செல்போனில் கிடந்த ஒரு படத்தை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்தது. கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, முழங்கை வரை உள்ளே விடலாம் போலக் கிடந்தது.

"இது எந்த ஊரும்மா?" என்றார்.

"எங்க அம்மாவோட புஞ்சை சார்" என்றேன்.

ஆனி மாதம் படக்குழு வந்து இறங்கியது. நாலா பக்கமும் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகள் கேமராவில் விழாதபடி அரக்கனின் சிம்மாசனத்தை அங்கும் இங்கும் நகர்த்தியே முதல் நாள் போய்விட்டது. அரக்கனின் அடிமைகளாக நிற்பதற்கு ஊர் ஆட்களைக் கேட்டிருந்தோம். மறுநாள் காலையில் வந்து நின்றார்கள் பாருங்கள். எல்லாரும் தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, ஆண்கள் வெள்ளை வேட்டி சட்டை, பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கையில் வாட்ச் வேறு. மேக்கப் ஆட்கள் கரித்தூளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, அடிமைன்னா அழுக்கா இருக்கணும்" என்றேன்.

"ஏட்டி, டிவில வாரோம். நாளைக்கு சம்பந்தகாரன் பாப்பான். அழுக்காவா போய் நிக்கச் சொல்லுத? ஏன், அரக்கன் ஊருல சோப்பு விக்காதா?"

அவரைத் தாஜா செய்து முகத்தில் கரி பூசுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. இப்போது டீக்கடையில் செல்போனை எடுத்துவைத்து, கூட்டத்தில் தன் முகம் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி எல்லாரையும் படுத்துகிறார். யாராலும் முடிந்ததில்லை.

அம்மா நடிக்க வரவில்லை. உடைமர நிழலில் உட்கார்ந்து, தன் புஞ்சையில் நடக்கும் யுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்கனாக நடித்தவர் கும்பிட்டபோது மோர் கொடுத்தாள்.

சிக்கல் கடைசி நாளில் வந்தது. கதாநாயகனுக்கு வேறு படம் இருந்ததால் முடிவுச் சண்டையைக் கார்த்திகையில் வந்து எடுப்பதாகத் தீர்மானித்தார்கள். அதுவரை புஞ்சை இதே மாதிரி வெறும் மண்ணாகக் கிடக்க வேண்டும், விதைக்கக் கூடாது, அதற்கு உண்டானதைத் தந்துவிடுகிறோம் என்றார் இயக்குநர். அம்மா சிரித்துக்கொண்டே, "மழை வந்தா விதைக்கணும்லா தம்பி" என்றாள். அவர் அம்மாவிடம் மேற்கொண்டு பேசவில்லை. என் பக்கம் திரும்பி, "பேசிச் சரி பண்ணும்மா, அதுக்குத்தானே நீ இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். என் வேலை அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது.

எங்கள் பக்கத்தில், ஐப்பசி மழைக்குப் பிறகும் ஒரு புஞ்சை தரிசாகக் கிடந்தால் வழியில் போகிறவர்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: அந்த வீட்டில் ஆள் இல்லையா? நோயாளி இருந்தாலும் விதைப்பார்கள், கடன்காரன் வாசலில் நின்றாலும் விதைப்பார்கள். எங்கள் புஞ்சை ஒரே ஒரு வருஷம் தரிசாகக் கிடந்தது. அப்பா இறந்த வருஷம் அது. நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். "ஆள் இல்லையா" என்று யாரோ கேட்டது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு எந்த வருஷமும் அவள் அப்படிக் கேட்க விட்டதில்லை.

புரட்டாசி முழுக்க நான் தினமும் போனில் பேசிப் பார்த்தேன். அம்மா என்னிடம் கத்தரிக்காய் விலை, மாட்டுக்குக் காய்ச்சல், எதிர்வீட்டில் பேரன் பிறந்தது எல்லாம் பேசினாள். புஞ்சையைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஐப்பசியில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"மழை நல்லாப் பெஞ்சிருக்குட்டி. மண்ணு பதமா இருக்கு. டிராக்டருக்குச் சொல்லிட்டேன்."

அன்றே ரயில் ஏறினேன். காலையில் சங்கரன்கோவிலில் இறங்கி, டீ கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடித்துப் புஞ்சைக்குப் போய் நின்றபோது, கரிசல் வெடிப்பெல்லாம் மூடி, தோசை மாவு மாதிரி பொங்கி நின்றது. செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டிராக்டர் பக்கத்துப் புஞ்சையில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து எங்கள் முறை.

"சாப்டியாட்டி?" என்றாள் அம்மா.

"சாப்பாடு கெடக்கட்டும். அம்மா, பாதியாவது விடேன். மேற்குப் பக்கம் மட்டும் போதும்னு நான் அவர்கிட்டப் பேசிக்கிடுதேன்."

"பாதிய விதைச்சுட்டு மீதிக்கு என்ன பதில் சொல்ல? அந்த வீட்டுல பாதி ஆளுதான் இருக்குன்னா?"

டிராக்டர் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வேலை போயிருமா?"

"போனாலும் போவும்."

அம்மா குரலை இறக்கிப் பேசினாள். "போனா இங்கன வந்துரு. சோறு இருக்கு. நீ அம்புட்டுத் தூரம் போயி நிக்கது எனக்கும் பெருமதான், இல்லைன்னா சொல்லுதேன்? ஆனா விதைக்காமப் போட என்னால ஏலாது மக்கா."

என் அம்மா என்னைப் பற்றிப் பெருமை என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அங்கேயே வரப்பில் நின்று இயக்குநருக்குப் போன் போட்டு, விதைக்கப் போகிறோம் சார் என்றேன். அவர் கத்திய கத்தல் அம்மாவுக்கே கேட்டிருக்கும். கார்த்திகையில் எனக்கு வெறும் மண் வேண்டும், முன்னால் எடுத்த காட்சியோடு எப்படி ஒட்டும் என்றெல்லாம் கேட்டார்.

"சார், அரக்கன் நாட்டுலயும் ஐப்பசி மாசம் வரும்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். நான் சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு, டிராக்டருக்குப் பின்னால் பூட்டியிருந்த விதைப்பெட்டியில் உளுந்தை அள்ளிக் கொட்டினேன்.

கார்த்திகையில் இயக்குநர் கதை எழுதுகிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். புஞ்சை முழுக்க இடைவெளி இல்லாமல் உளுந்து நின்றது. இலைக்குள் மஞ்சள் பூ. அரக்கனின் சிம்மாசனம் இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. அவர் நெடுநேரம் வரப்பில் நின்றார். கதை எழுதுகிறவர்தான் மெல்ல, "சார், சாபம் தீர்ந்துருச்சுன்னு வச்சுக்கலாமே" என்றார்.

இப்படித்தான் தொடரின் முடிவே மாறியது, என் வேலையும் தப்பியது. சண்டை குறைந்தது. இளவரசி அந்த மண்ணில் மண்டியிட்டு அழ, அவள் கண்ணீர் பட்ட இடமெல்லாம் பச்சை பரவுகிறது என்று எழுதினார்கள். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: செருப்புக் காலோடு யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இயக்குநர், கேமராக்காரர், குடை பிடிக்கிறவர் எல்லாரும் பேன்ட்டை மடித்துவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். பட்டும் கிரீடமுமாக வந்த இளவரசியை அம்மா கையைப் பிடித்து, "சால்லயே நட தாயி, செடிய மிதிச்சிராத" என்று செடி வரிசைகளுக்கு நடுவே கூட்டிப்போனாள்.

ஒளிபரப்பான அன்று எங்கள் வீட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது. இளவரசியின் ஒரு சொட்டுக் கண்ணீர் மண்ணில் விழுந்தது. இசை எழும்பியது. எங்கள் உளுந்து திரை நிறைய விரிந்து காற்றில் ஆடியது. எல்லாரும் கை தட்டினார்கள். எத்தனை நாட்டில் எத்தனை பேர் அந்த நேரம் எங்கள் புஞ்சையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அம்மா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"கண்ணீரு உப்புத்தண்ணில்லா? அதுல உளுந்து முளைக்குமாட்டி?" என்றாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது உளுந்து நெற்றுப் போட்டுக் கறுத்திருந்தது. அம்மாவோடு நானும் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு இடத்தைத் தேடிக்கொண்டு பைக்கில் ஆட்கள் வருகிறார்கள். அன்று கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் இருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. பைக்கை நிறுத்தியதுமே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பெண் செல்போனோடு அம்மாவிடம் வந்தாள்.

"இளவரசி அழுத இடம் எதும்மா? அங்கன நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்."

அம்மா நிமிர்ந்தாள். "அந்தா, அந்த வரப்போரம்" என்று கை காட்டினாள். பிறகு தன் காலடியைக் காட்டினாள். "நான் அழுதது இங்கன. எங்க வீட்டுக்காரக செத்த வருசம் ஐப்பசி பூரா தெனமும் வந்து இதுல உக்காந்து அழுதேன். அந்தப் பிள்ள அழுதது ஒரு அழுகையா? மழையும் பெஞ்சுது, நானும் அழுதேன். ஒரு செடி தல காட்டல. மறு வருசம் விதைச்சேன். அப்புறம்தான் முளைச்சுது."

என் கையில் செடி அப்படியே நின்றது. அந்த வருஷம் விடுதிக்கு வந்த போனில் எல்லாம் அம்மா சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டாள். ஒருநாள்கூடக் குரல் கம்மியதில்லை.

அந்தப் பெண் செல்போனைக் கீழே இறக்கியிருந்தாள். வரப்போரம் போகவில்லை. கொஞ்சம் தயங்கி, "அப்ப உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிடுங்கிய செடியை எல்லாம் ஒரு கட்டாக வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"எடு. செடி நல்லாத் தெரியணும்" என்றாள்.